ஒரு புள்ளி வைக்கும் முன்

திருப்பூர் ராயபுரத்தில் பருத்தி என்றால் நூல்தான். கோனாக வந்து இறங்கும். நிட்டிங் மெஷினில் ஏறித் துணியாகும். சாயத்துக்குப் போய்த் திரும்பும். கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்ன் என்று கைமாறிக் கடைசியில் பெட்டிக்குள் அடங்கும். செடியில் காய் வெடித்து நிற்பதை நேரில் பார்த்தவர்கள் இந்தச் சந்துகளில் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்தக் காயைத் துளைத்து உள்ளே போகும் புழுவையும், அதன் முட்டையை இட்டுச் செல்லும் அந்துப்பூச்சியையும் பார்த்தவர்கள் இன்னும் குறைவு. நான் பகலில் சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்த்தவன். இரவில் மொட்டை மாடியில் அந்துப்பூச்சி பார்த்தவன். இரண்டாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் முழு மனதோடு நான் கற்றுக்கொண்ட தொழில் அதுதான். ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் இனங்களைப் பிரித்தறிவதும், எந்த இனம் நாட்டில் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் குறிப்பதும் அந்தத் தொழிலின் இரண்டு பாதிகள்.

இந்தியாவில் பதிவான பட்டாம்பூச்சி இனங்கள் 1,300ஐ ஒட்டி இருக்கும். அந்துப்பூச்சிகளோ 10,000க்கும் மேல். இத்தனைக்கும் சேர்த்து நாங்கள் இன்றும் முதலில் புரட்டுவது ஜார்ஜ் ஹாம்ப்சன் 1892 முதல் 1896 வரை எழுதி வெளியிட்ட நான்கு தொகுதிகளைத்தான். நீலகிரிக்குத் தேயிலை பயிரிட வந்தவர் ஹாம்ப்சன். இங்கே அந்துப்பூச்சிகளில் மனம் போய், லண்டன் திரும்பி, அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள் வரிசைக்காக அவற்றை எழுதினார். அவர் வைத்த பெயர்கள் பல மாறிவிட்டன. குடும்பப் பிரிவுகளும் மாறிவிட்டன. ஓர் இனம் கிடைத்த இடம் என்று அவர் தருவது பல வேளை ஒரு மலைத்தொடராகவோ ஒரு மாகாணமாகவோதான் இருக்கும். அங்கே ஓர் ஊரை, ஒரு செடியை, ஒரு மாதத்தை எழுதிச் சேர்ப்பது எங்கள் தலைமுறைக்கு மிச்சமிருக்கும் வேலை.

வேலை துணியில் தொடங்குகிறது. விளக்குக்குப் பின்னால் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். திருப்பூரில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லா வெள்ளையும் ஒன்றல்ல. கடைக்குப் போகும் ஃபுல் ஒயிட் துணியில் வெண்மையூட்டி ஏறியிருக்கும். அது புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக வெளிவிடும். அதனால்தான் நம் கண்ணுக்குப் பளீரென்று தெரிகிறது. அந்துப்பூச்சியைப் பலமாக இழுப்பதோ அந்தப் புற ஊதாக் கதிர். அதை உறிஞ்சிவிடும் துணியை எதற்குக் கட்ட வேண்டும்? பிளீச் மட்டும் செய்து, வெண்மையூட்டி போடாமல், சாயத்துக்குத் தயாராக வைத்திருக்கும் ஆர்.எஃப்.டி. துணியைத்தான் நான் கட்டுவேன். பின்னல் துணியின் கண்ணிகளில் பூச்சியின் கால் நகங்கள் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்பது கூடுதல் வசதி. இந்தப் பூச்சிகள் பனியனைத் தின்றுவிடுமா என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். துணி தின்பவை வேறு சில சிறிய இனங்கள். அவற்றின் புழுக்களுக்கும் கம்பளி, ரோமம், இறகு போன்றவைதான் உணவு. சுத்தமான பருத்தித் துணி அவற்றுக்குச் செரிக்காது.

பருவமும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய அந்துப்பூச்சி வாரம் இப்போது உலகம் முழுவதும் ஜூலைக் கடைசியில் நடக்கிறது. இந்தியாவிலும் பலர் அந்த வாரத்தில்தான் விளக்குப் போடுகிறார்கள். எங்களுக்கு அது ஆடிக்காற்றுக் காலம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மாடியில் துணியை நிற்கவிடாது, பூச்சியும் பறக்காது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த, காற்றடங்கிய, அமாவாசையை ஒட்டிய இரவுகளே ராயபுரத்துக்கு நல்லவை. ஜூலைப் பதிவுகளை மட்டும் சேர்த்து வரைபடம் போட்டால் கொங்கு நாடு வெறுமையாகத் தெரியும். அந்த வெறுமை பூச்சியைப் பற்றிச் சொல்லாது. காற்றைப் பற்றிச் சொல்லும்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த ஜோடி புள்ளிக் காய்ப்புழு. பருத்தியையும் வெண்டையையும் துளைக்கும் இந்தப் புழு ஒரே இனமல்ல. ஏரியாஸ் விட்டெல்லா ஒன்று, ஏரியாஸ் இன்சுலானா மற்றொன்று. இரண்டும் நகத்தளவுப் பூச்சிகள். விட்டெல்லாவின் முன்னிறக்கை பாலாடை வெளுப்பு. நடுவில் அடியிலிருந்து ஓரம்வரை அகலமான பச்சைப் பட்டை ஓடும். இன்சுலானாவின் முன்னிறக்கை முழுவதும் பச்சை. இவ்வளவுதான் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பிரித்துவிடும். ஆனால் இன்சுலானா எப்போதும் பச்சையாக வராது. குளிர்ந்த மாதங்களில் வைக்கோல் மஞ்சளாகவும் பழுப்பாகவும் வரும். செதில் உதிர்ந்த பழைய விட்டெல்லாவில் பட்டையின் கரை மங்கிவிடும். மூன்றாவதாகக் குப்ரியோவிரிடிஸ் என்ற இனமும் நாட்டில் உண்டு. பச்சை இறக்கையின் வெளி ஓரத்தில் பழுப்பு விளிம்பு கட்டியிருக்கும். ஆக, நிறத்தை மட்டும் வைத்துப் பெயர் எழுத முடியாது.

சாயப்பட்டறை லேபில் இருந்தவனுக்கு இது பழகிய சங்கதி. லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு துணித் துண்டுகள் கடை வெளிச்சத்துக்கு ஈடான டிஎல்84 விளக்கில் தனித்தனியாக நிற்கும். எந்த விளக்கில் பார்த்தோம் என்று எழுதாத ஷேடு ரிப்போர்ட்டுக்கு மதிப்பே இல்லை. அந்துப்பூச்சியிலும் புற ஊதாக் குழல்விளக்கின் கீழ் தெரியும் பச்சையை நான் பச்சை என்று எழுதுவதில்லை. பூச்சியைச் சின்னக் குப்பியில் எடுத்துவைத்து, காலை வெளிச்சத்தில் மேற்புறம், அடிப்புறம், பக்கவாட்டு என்று படமெடுப்பேன். அதற்குப் பிறகுதான் குறிப்பேடு.

நிறம் கைவிடும்போது புழு கைகொடுக்கும். இன்சுலானாவின் புழு உடம்பில் கணுவுக்குக் கணு விரல்போன்ற சதை முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். விட்டெல்லாவின் புழுவில் அப்படி நீண்ட முளைகள் இருக்காது. ஆகவே மாடியில் காத்திருப்பதோடு நிறுத்தாமல் தோட்டங்களுக்கும் போகத் தொடங்கினேன். அவிநாசிப் பக்கமும் பல்லடம் பக்கமும் வெண்டைக் காய்களைப் பொறுக்கிவந்து, துளை உள்ளவற்றைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வாயைப் பனியன் துணியால் கட்டி வளர்ப்பேன். புழு கூண்டு கட்டி, பூச்சி வெளியே வரும்வரை ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சீட்டு இருக்கும். எந்தத் தோட்டம், எந்தச் செடி, எந்தத் தேதி என்று அதில் எழுதியிருக்கும். விளக்குக்கு வந்த பூச்சி எந்தச் செடியில் வளர்ந்தது என்பதை எவராலும் சொல்ல முடியாது. வளர்த்தெடுத்த பூச்சி தன் செடியையும் சேர்த்தே சொல்லும்.

செக்கிங் பிரிவில் வேலை பார்த்த ஒரு தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் கூட வருவான். ஒருநாள் கேட்டான்: “ஏனுங்ணா, ரெண்டுமே வெண்டைக்காயத்தானுங்க திங்குது. ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான் அடிக்கறாங்க. அப்பறம் எதுக்குங்க இத்தனை பாடுபட்டுப் பிரிக்கோணும்?”

நான் சொன்னேன்: “இன்னைக்கு மருந்து ஒண்ணுதான் தம்பி. நாளைக்கு ஒண்ணு மருந்துக்கு அடங்காமப் போயிரலாம், இன்னொண்ணு அடங்கலாம். அன்னைக்கு எந்தப் பூச்சி எந்தக் காட்டுல இருந்துச்சுன்னு கேப்பாங்க. நாம ரெண்டையும் ஒரே பேர்ல எழுதி வெச்சிருந்தா, யாரு வந்தாலும் அதைப் பிரிக்க முடியாது.”

பருத்தியில் இது நடந்தே இருக்கிறது. 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு அதன் நஞ்சுக்குப் புள்ளிக் காய்ப்புழு நன்றாகவே அடங்கியது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ சில ஆண்டுகளில் குஜராத்தில் அதை எதிர்த்து நிற்கத் தொடங்கியது. பிறகு நடு, தென் மாநிலங்களிலும் இரண்டாம் தலைமுறை விதையையும் மீறி வந்தது. காய்ப்புழு என்று பொதுவாக எழுதிய பழைய பதிவேடுகளிலிருந்து இந்த வேறுபாட்டை எடுக்க முடியாது. இனம் பிரித்து எழுதிய பதிவேடுகள் மட்டுமே பயன்பட்டன. புள்ளிக் காய்ப்புழு இன்று பருத்தியைவிட வெண்டையிலும், தரிசில் முளைக்கும் துத்தியிலும்தான் அதிகம் தேட வேண்டிய பூச்சி. எனவே பழைய பருத்திக்காட்டுப் பதிவையும் இன்றைய வெண்டைத் தோட்டப் பதிவையும் அருகருகே வைத்து, பூச்சி இடம்பெயர்ந்துவிட்டது என்று சொல்லிவிடக் கூடாது. நாம் தேடும் செடி மாறியிருக்கிறது.

இந்த இரண்டு ஏரியாஸ்களின் இந்திய வரைபடத்துக்கு ஒரு பொது விதி உண்டு. மழை குறைந்த வடமேற்கில், ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பக்கம், இன்சுலானா மேலோங்கும். ஈரம் கூடிய நடு இந்தியாவிலும் தெற்கிலும் விட்டெல்லா மேலோங்கும். திருப்பூரை எந்தப் பக்கம் சேர்ப்பது? தெற்கில் இருக்கிறது, ஆனால் ஈரமான ஊர் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் மண் இது. தென்மேற்குப் பருவம் எங்களுக்குக் காற்றை அதிகமாகவும் மழையைக் குறைவாகவும் தரும். அமராவதிப் பாசனத்தில் ஈரமான வயல் இருக்கிறது. காங்கயத்தில் கொழுக்கட்டைப் புல் மண்டிய, வேலி கட்டிய மேய்ச்சல் கொறங்காடு இருக்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு நிலம். இறவை வெண்டையில் நான் வளர்த்தெடுத்தவை பெரும்பாலும் விட்டெல்லா. இன்சுலானாவைக் காய்ந்த மாதங்களில், துத்திச் செடியில்தான் குறிவைத்துத் தேடுவேன். நாட்டு வரைபடத்தில் ஒரே வண்ணம் பூசிய பகுதிக்குள் ஊர் அளவில் வேறு கதை இருக்கக்கூடும். அதைப் பார்க்கச் சிறிய கட்டங்கள் வேண்டும், ஒவ்வொரு கட்டத்திலும் செடியின் பெயர் வேண்டும்.

கண்ணால் பிரிக்கக் கடினமான இன்னொரு ஜோடி ஹெலிகோவெர்ப்பா. பச்சைக் காய்ப்புழு என்று உழவர்கள் சொல்லும் ஆர்மிஜெரா பருத்தி, துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று எதையும் விடாது. அதன் நெருங்கிய உறவான அசல்டா புகையிலை, சொடக்குத் தக்காளி என்று கத்தரிக் குடும்பத்தோடு நின்றுகொள்ளும். அசல்டா சற்றே சிறியது, மஞ்சள் கூடியது. ஆனால் சற்றே என்ற சொல்லை நம்பி வரைபடம் போட முடியாது. பூச்சிகள் தாங்களே தங்களை எப்படிப் பிரித்துக்கொள்கின்றன என்பதுதான் வியப்பு. இரண்டின் பெண் பூச்சிகளும் ஆணை அழைக்க அதே இரண்டு வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. ஆர்மிஜெராவில் முதலாவது 97 பங்கு, இரண்டாவது 3 பங்கு. அசல்டாவில் தலைகீழாக இரண்டாவதே 90 பங்குக்கும் மேல். கலவையின் அளவு மாறியதும் ஆண் பூச்சி திரும்பிப் போகிறது. இனக்கவர்ச்சிப் பொறியில் வைக்கும் ரப்பர் குப்பியில் இந்த விகிதத்தைத்தான் வைக்கிறார்கள். அதனால் ஹெலிகோவெர்ப்பா பொறியில் விழும் பூச்சிக்குப் பாதி அடையாளம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. ஏரியாஸில் இந்த உதவி அவ்வளவு இல்லை. இரண்டு இனங்களின் கலவையிலும் முக்கியக் கூறு ஒன்றே என்பதால் ஒன்றுக்கு வைத்த பொறியில் மற்றதும் விழலாம். பொறியில் விழுந்ததை மீண்டும் பிரித்துப் பார்த்தே எண்ண வேண்டும்.

கடைசித் தீர்ப்பு பெரும்பாலும் வயிற்று நுனியில் இருக்கிறது. அந்துப்பூச்சிகளின் இனப்பெருக்க உறுப்புகள் இனத்துக்கு இனம் கெட்டியான, தனித்த வடிவம் கொண்டவை. செத்த பூச்சியின் வயிற்றைத் தனியாக எடுத்து, பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு ஊறப்போட்டால் சதை கரைந்து கூடு மட்டும் நிற்கும். பிறகு ஆல்கஹாலில் கழுவி, மெல்லிய ஊசிகளால் செதிலை நீக்கி, நுண்ணோக்கியில் ஆண் உறுப்பின் பிடிகளையும் முட்களையும் படத்தோடு ஒப்பிட வேண்டும். கனடாவைச் சேர்ந்த ஹார்ட்விக் 1965இல் இந்த உறுப்புகளை உலகம் முழுவதுமிருந்து ஒப்பிட்டுத்தான் ஹெலிகோவெர்ப்பா என்ற பேரினத்தைத் தனியாக நிறுவினார். அதற்கு முந்தைய நூல்களில் அமெரிக்காவின் சோளக்கதிர்ப் புழுவும் நம்முடைய பச்சைக் காய்ப்புழுவும் ஒரே பெயரில் கிடக்கும். பழைய பட்டியலைப் படிப்பவருக்கு இந்த ஆண்டு நினைவில் இருக்க வேண்டும்.

எல்லாப் பூச்சிக்கும் பெயர் கிடைத்துவிடாது. ராயபுரத்தில் மாடி விளக்குக்கு வேகமாக வந்து மோதும் ஹாக் மாத்களில் ஹிப்போஷன் ரோசெட்டா, ஹிப்போஷன் போயர்ஹாவியே என்ற இரண்டு உண்டு. பின்னிறக்கையில் ரோஜா நிறம், முன்னிறக்கையில் சாய்ந்த கோடுகள் என்று இரண்டும் ஒரே அச்சு. படத்தை மட்டும் பார்த்து இவற்றுக்கு உறுதியாகப் பெயர் சொல்ல முடியாது. ஆணின் உறுப்பைப் பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்க்காத பூச்சியை நான் “ஹிப்போஷன், ரோசெட்டா அல்லது போயர்ஹாவியே” என்றுதான் எழுதுவேன். பலருக்கு இது அரைகுறை வேலையாகத் தோன்றும். உண்மையில் இதுவே முழு வேலை. பேரினத்தோடு நிறுத்திய பதிவை நாளை ஒருவர் முன்னெடுத்துச் செல்லலாம். ஊகித்து வைத்த இனப்பெயர் வரைபடத்தில் ஏறிவிட்டால், அடுத்தவர் அதைச் சான்றாக வைத்து இன்னொரு புள்ளி வைப்பார். அதை நம்பி மூன்றாமவர் வைப்பார்.

இடத்தை எழுதுவதும் பெயரை எழுதுவது அளவுக்குப் பொறுப்பான காரியம். ராயபுரம் என்று மட்டும் எழுதிக் கணினியில் ஏற்றினால் புள்ளி எங்கே விழும்? 1856இல் ரயில் நிலையம் திறந்த சென்னை ராயபுரத்தில் விழும். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளி, கடற்கரையில். உள்நாட்டு வறண்ட நிலத்துப் பூச்சி ஒரே நொடியில் கடலோரப் பூச்சியாகிவிடும். ஊர், மாவட்டம், மாநிலம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் எழுத வேண்டும் என்பது இதனால்தான். தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் எழுதினால் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் இடம் அடங்கும். இப்போது அதைக் கைபேசியே தருகிறது.

பழைய சீட்டுகளில் இன்னும் பெரிய சிக்கல். நூறு ஆண்டுக்கு முந்தைய மாதிரியில் “கோயம்புத்தூர் மாவட்டம்” என்று இருந்தால் அது எந்த நிலம்? அன்றைய கோவை மாவட்டத்தில் கொள்ளேகாலம் இருந்தது. 1956இல்தான் அது மைசூர் மாநிலத்துக்குப் போனது. ஈரோடு இருந்தது, 1979இல் பெரியார் மாவட்டமாகப் பிரிந்தது. திருப்பூரும் அவிநாசியும் பல்லடமும் உடுமலையும் 2009 வரை கோவைக்குள் இருந்தன. தாராபுரமும் காங்கயமும் அதற்குள் ஈரோட்டுக்குப் போய்விட்டு, பிறகு எங்களோடு சேர்ந்தன. அந்த ஒற்றை வரிச் சீட்டு காவிரிக்கரைக் காட்டையும் குறிக்கலாம், அமராவதிக் கரையையும் குறிக்கலாம். இன்றைய கோவை நகரத்தின் நடுவில் புள்ளி வைத்துவிடுவது எளிது. அப்படி வைக்கக் கூடாது. சீட்டின் ஆண்டைப் பார்த்து, அந்த ஆண்டின் எல்லையைப் பார்த்து, இடத்தின் ஐயம் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். கோவையில் பூச்சியியல் நல்ல அடித்தளம் கொண்டது. பெய்ன்பிரிட்ஜ் ஃபிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் நூல் 1914இல் வந்தது, டி.வி. ராமகிருஷ்ண ஐயரின் தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கையேடு 1940இல் வந்தது. அவர்கள் விட்டுச்சென்றதை இன்றைய வரைபடத்தோடு இணைக்க இந்த எல்லைக் கணக்கு தெரிந்தாக வேண்டும்.

வரைபடம் வேகமாகத் தேவைப்பட்ட ஒரு காலத்தையும் பார்த்தேன். 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் மக்காச்சோளத்தில் அமெரிக்கப் படைப்புழு கண்டறியப்பட்டது. ஸ்போடோப்டெரா ஃபுருகிபெர்டா என்ற அந்த இனம் அதுவரை ஆசியாவில் பதிவாகாதது. அதே பேரினத்தைச் சேர்ந்த புகையிலை வெட்டுப்புழு நமக்குப் பழசு. இரண்டையும் பிரிக்க, படைப்புழுவின் முகத்தில் தலைகீழ் ஒய் வடிவக் கோடு, வால் பக்கத்து எட்டாம் கணுவில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் என்ற இரண்டு அடையாளங்கள் உழவர்களின் கைபேசிகளில் பரவின. அதே ஆண்டிலேயே படைப்புழு தமிழ்நாட்டிலும் பதிவானது. உடுமலைப் பக்க மக்காச்சோளக் காடுகளில் குருத்தைப் பிரித்து முகம் பார்ப்பதை உழவர்களே கற்றுக்கொண்டார்கள். நெருங்கிய இனங்களைப் பிரிக்கும் அறிவு ஆய்வகத்தை விட்டு வரப்புக்கு வந்த நாட்கள் அவை.

இப்போது மரபணுப் பட்டையும் இருக்கிறது. கனடாவின் பால் ஹீபர்ட் 2003இல் முன்வைத்த முறை அது. சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் 658 எழுத்து நீளத் துண்டை வாசித்து இனம் பிரிக்கிறார்கள். ஒரு கால் போதும். செதில் உதிர்ந்த பூச்சிக்கும், பெயர் தெரியாத புழுவுக்கும் அது பெரிய துணை. அதற்கும் எல்லை உண்டு. அண்மையில் பிரிந்த சில இனங்களில் அந்தத் துண்டு ஒன்றாகவே இருக்கும். ஒப்பிடும் தரவகத்தில் யாரோ தவறான பெயரோடு ஏற்றியிருந்தால் விடையும் தவறும். ஆகவே பட்டை வாசித்த பூச்சியின் உடல் எங்கோ ஓர் ஊசியில், சீட்டோடு, பத்திரமாக இருக்க வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகம், பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வள மையம், டெல்லி பூசா தேசியத் தொகுப்பு, இந்திய விலங்கியல் ஆய்வகம் போன்றவை அதற்கான இடங்கள். படம் மட்டும் இருந்தால் போதும் என்ற இனங்களுக்கு மாத்ஸ் ஆஃப் இந்தியா, ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத் தரவகங்கள் நல்ல வீடு. வனப்பகுதியில் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். தோட்டத்தில் தோட்டக்காரரைக் கேட்க வேண்டும். இரண்டையும் நான் ஒரே மரியாதையோடு செய்திருக்கிறேன்.

கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளிடம் நான் கேட்பது இவ்வளவே. உங்கள் தெருவில் வெண்டை வளர்க்கும் ஒரு வீட்டிலிருந்து தொடங்குங்கள். துளை விழுந்த காயை எடுத்து வளருங்கள். புழுவையும் பூச்சியையும் படமெடுங்கள். செடி, இடம், நாள், எந்த விளக்கில் பார்த்தீர்கள், எதை வைத்துப் பெயர் சொன்னீர்கள் என்று ஐந்தையும் எழுதுங்கள். பிரிக்க முடியாவிட்டால் பிரிக்க முடியவில்லை என்று எழுதுங்கள். தேடியும் கிடைக்காத இரவையும் எழுதுங்கள். பார்க்காமல் விட்ட இடத்தையும் பார்த்து இல்லாத இடத்தையும் வரைபடம் அப்போதுதான் வேறுபடுத்தும். உலகத்துக்கே பருத்தி ஆடை தைத்து அனுப்பும் ஊர் இது. பருத்தியையும் அதன் உறவுச் செடிகளையும் நம்பி வாழும் பூச்சிகளுக்கு ஒரு நம்பகமான வரைபடம் தருவது நமக்கு முடியாத காரியமல்ல. அது நம் ஊரின் கடமையும்கூட.